நாலடி தள்ளி ஒரு கிணறு

புல்லுக்கு விடிகாலையில்தான் தண்ணீர் விட வேண்டும். சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று இலை மஞ்சள் தட்டிவிடும். உங்கள் ஸ்டேஷனுக்கு முன்னால் இருக்கிற சின்னப் புல்தரையில் நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் ஓஸ் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லலாமென்று நினைத்தேன். விசாரணைக்கு வந்த இடத்தில் நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். நீங்கள் சொல்லிவிடுங்கள், கண்ணு.

உங்கள் பெயர் சட்டையில் இருந்தது, சாஜிதா பேகம் என்று. எஸ்.ஐ. என்றால் அதட்டிப் பேசுவார்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். நீங்கள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "அந்தச் செருப்பு மட்டும் ஏனுங்கம்மா எலும்புக்கு மேல, ரெண்டடி மண்ணுக்கும் மேல கெடந்துச்சு?" எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நீங்களும் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் கொடுத்தீர்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணலாக இருக்கும். வரி கோணாது.

என் பெயர் சாந்தாமணி. வயது அறுபத்து மூன்று. மேட்டுப்பாளையத்தில் என் வீட்டுக்காரர் செடிப்பண்ணை வைத்திருந்தார். அவர் போன பிறகு நான் பார்த்துக்கொண்டேன். செடி வாங்க வருகிறவர்கள், வீட்டு முன்னால் வைத்தும் கொடுங்கள் என்பார்கள். வைத்துக் கொடுப்பேன். அப்படியே தோட்டம் போடக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாலு முளைக்குச்சியும் ஒரு கட்டு நூலும் இருந்தால் எந்த இடத்தையும் நேராக்கிவிடலாம் என்று நானாகவே கண்டுகொண்டேன்.

தொண்ணூற்று மூன்றில் தமிழ்ச்செல்வன் என்னைத் தேடி வந்தார். போத்தனூருக்குப் பக்கத்தில் அவர் குடும்பத்துக்கு ஒரு பழைய ஜின்னிங் பேக்டரி இருந்தது. பருத்தி அரைத்துப் பல வருடமாகியிருந்தது. கட்டடம் மட்டும் அப்படியே நின்றது. நீங்கள் இப்போது பார்த்திருப்பீர்கள். நேர் எதிரே வளைவு வைத்த பெரிய செங்கல் கட்டடம், இடமும் வலமும் ஒரே அளவில் இரண்டு நீள குடோன், எதிலும் பூச்சுக் கிடையாது. வெறும் செங்கல். நான் நாள் முழுக்க டேப் பிடித்து அளந்தேன். இடது குடோனுக்கும் வலது குடோனுக்கும் அரை அங்குலம்கூட வித்தியாசமில்லை. கேட்டிலிருந்து பெரிய வாசல்வரைக்கும் நடுவில் நூல் கட்டினால், இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தது. கட்டியவன் யாரோ, அவன் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான் என்று நினைத்தேன்.

தமிழ்ச்செல்வனுக்கு அதைக் கல்யாணம் நடத்துகிற இடமாக மாற்ற ஆசை. வைகாசி கடைசியில் அவர் தங்கை கல்யாணம் அங்கே நடக்க வேண்டும். நான் தரையில் சுண்ணாம்பில் வரைந்து காட்டினேன். நடுவில் பழைய செங்கல்லையே செங்குத்தாக வைத்து ஒரு நேர் நடை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டாகப் புல்தரை. ஓரத்தில் இடுப்பளவுக்கு வெட்டிவிட்ட வேலிச்செடி. குடோன் சுவர் நெடுக இட்லிப்பூ, சிவப்பு மட்டும். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது உங்க மனசுல எத்தனை நாளா இருந்துச்சுங்கம்மா?" என்று கேட்டார். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை.

அந்தக் கோட்டில் ஒரு கிணறு இருந்தது.

பாய்லருக்குத் தண்ணீர் எடுக்க அந்தக் காலத்தில் வெட்டிய வட்டக் கிணறு. பன்னிரண்டு அடி அகலம், நாற்பதடி ஆழம், உள்ளே முழுக்கச் செங்கல் கட்டு. இரண்டு வருடமாக வறண்டு கிடந்தது. ஒரு பக்கம் கைப்பிடிச் சுவரும் விழுந்துவிட்டது. அது கோட்டுக்கு நடுவில் இருந்திருந்தால் நான் அதையே நடுவாக வைத்து வட்டமாக நடை போட்டிருப்பேன். தள்ளி ஒரு மூலையில் இருந்திருந்தால் செடி வைத்து மறைத்திருப்பேன். அதன் நடு என் கோட்டுக்கு வலது பக்கம் நாலடி தள்ளி இருந்தது. நாலடியை ஒன்றும் செய்ய முடியாது, கண்ணு. மறைக்கவும் முடியாது, காட்டவும் முடியாது. என் சுண்ணாம்புக் கோடு கிணற்றின் வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டு, அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தேன்.

மூடிவிடலாம் என்றேன். தமிழ்ச்செல்வன் தயங்கினார். பேக்டரிக்குப் பின்னால் அரை ஏக்கர் விவசாயக் காடு நஞ்சப்பன் என்பவருடையது. அவருடைய அப்பா பாய்லர் ஆளாக இருந்தவர். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்ப் பாத்தியம் அவர் குடும்பத்துக்கு என்று அப்போதே பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "நஞ்சப்பண்ணன் ஒத்துக்கிட்டாருன்னா மூடிக்கலாமுங்க. இல்லீன்னா கெணறு இருந்துட்டுப் போகட்டுமுங்கம்மா. எங்கப்பாரு காலத்து எழுத்து அது" என்று சொல்லிவிட்டார் தமிழ்ச்செல்வன்.

நஞ்சப்பண்ணனை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பார்த்தது வேறு. அவர் நல்ல உயரம். என்னைவிட ஒரு வயது மூத்தவர். தினமும் மத்தியானம் வேலி ஓரமாக வந்து நின்று வேடிக்கை பார்ப்பார். "ஏனுங்க அம்மணி, செடியை எல்லாம் போலீஸ் பரேடாட்ட நிக்க வெச்சிருக்கறீங்க? எங்காட்டுல எல்லாம் அது பாட்டுக்கு நிக்குமுங்க" என்பார். நான் நூலைப் பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தால், "மாப்பிள்ளையைக்கூட இப்படிப் பாக்க மாட்டாங்க" என்பார். ஆட்களெல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். காட்டில் தண்ணீர் இல்லாமல் வாடிக்கொண்டிருந்த செடியிலும் பிஞ்சுக் கத்திரிக்காயாகப் பொறுக்கி என் தூக்குப்போசியில் போட்டுவிட்டுப் போவார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

கிணற்றுப் பேச்சை எடுத்தால் மட்டும் தலையை ஆட்டுவார். "ஊத்து செத்துப் போகலீங்க. தூங்குது. எம்பையனாட்ட வெளியூர் போயிருச்சுன்னா நானே மூடச் சொல்லியிருப்பனுங்க. இது அடியில இருக்குது." பத்து நாள் பேசினேன். கடைசியில் ஒரு சித்திரை மாதச் செவ்வாய்க்கிழமை இறங்கி வந்தார். "நாளைக்கு ஒருக்கா உள்ள எறங்கிப் பாத்துர்றனுங்க. அடிச் சேத்தைக் கிண்டிப் பாக்கறேன். ஈரம் இல்லீன்னா நீங்களே மூடிக்கங்க, நானே மொதக் கூடை மண்ணைப் போடறேன். ஈரம் இருந்துச்சுன்னா, அப்புறம் இந்தப் பேச்சே வேண்டாமுங்க அம்மணி." சரி என்றேன். நியாயமான பேச்சு. இரண்டு பேரும் அதற்குக் கட்டுப்பட்டோம்.

ஈரம் இருக்காது என்று நான் உறுதியாக நம்பினேன். அதனால் டிப்பர் லாரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வண்டி ராமுலுவுடையது. இப்போது உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாரே, அவர்தான்.

புதன்கிழமை. பதினொரு மணி இருக்கும். கிணற்று வாயில் குறுக்கே ஒரு தண்டவாளத் துண்டு போட்டு அதில் கயிற்றைக் கட்டி நஞ்சப்பண்ணன் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஒரு மண்வெட்டியோடு. உள்ளே பாதிவரைக்கும்தான் கால் வைக்கக் கல் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே கயிறு வேண்டும். என் ஆட்கள் ஆறு பேரும் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. "நீங்கெல்லாம் போய் சோறு தின்னுங்கப்பா, இதென்ன பொண்ணு பாக்கறதா, கூட்டமா நின்னுட்டு" என்று உள்ளேயிருந்து சொன்னார். அவர்கள் குடோனுக்குப் பின்னால் நிழலுக்குப் போனார்கள். நான் மட்டும் நின்றேன்.

பிறகு அவர் வாரேன் என்றார். ராமுலுவின் லாரி வந்தது.

"நஞ்சப்பண்ணன் எங்கீங்கம்மா?" என்று ராமுலு வண்டியிலிருந்தபடியே கேட்டார்.

"வாரேன்னு சொல்லிட்டாருங்க" என்றேன்.

நீங்களும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே, கண்ணு. இங்கே யாரும் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. சொன்னால் அபசகுனம் என்று திருப்பிச் சொல்ல வைப்பார்கள். வாரேன் என்றால்தான் போகிறார் என்று அர்த்தம். ராமுலு தண்டவாளத்தைப் பார்த்தார். கயிறு மேலே சுருட்டி வைத்திருந்தது. "அப்பக் கொட்டிரலாமுங்களா?" என்றார். கொட்டுங்கள் என்றேன். சுவர் விழுந்த பக்கமாக வண்டியைப் பின்னால் எடுத்தார். நான் ஓரமாக நின்று கையைக் காட்டி, "வரட்டும், வரட்டும், போதும்" என்றேன்.

ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்டார்கள். வாரேன்னு சொல்லிட்டாருங்க என்றேன். ஈரம் இல்லைபோல, மனசு கேட்காமல் போய்விட்டார் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு லோடு. கிணறு தரைமட்டமாகிவிட்டது. என் கோடு கேட்டிலிருந்து வாசல்வரைக்கும் அறுபடாமல் போனது.

அவருடைய சம்சாரம் பாவாத்தாள் வியாழக்கிழமை விடிந்ததும் வந்தாள். "ஏனுங்கக்கா, இவரு ராத்திரி ஊட்டுக்கு வரலீங்களே. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"வாரேன்னுதானுங்க சொன்னாரு" என்றேன்.

"போறேன்னு சொல்லலீங்கள்ல?"

"இல்லீங்க. வாரேன்னுதான்."

அவள் முகம் தெளிந்தது. கிணறு போன வருத்தத்தில் உடுமலைப்பேட்டைக்கு மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்றாள். அங்கே போகவில்லை. பழனிக்குப் போயிருப்பார் என்றார்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். உங்களுக்கு முன்னால் இருந்த யாரோ வந்து என்னைக் கேட்டார். அவரிடமும் அதையேதான் சொன்னேன். ஆறு வருடத்தில் யாரிடமும் நான் ஒரு பொய் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள், ஒன்றுகூட இருக்காது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தச் செங்கல் நடையில் வாசலிலிருந்து கேட்வரைக்கும் நடந்து வந்தபோது, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் செடி நின்றது. நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். நடுவில் நடந்தார்கள். சரியாக நடுவில். அதற்குப் பிறகு நிறையப் பேர் தோட்டம் போடக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. பண்ணையை விற்றுவிட்டு அங்கேயே பின்கட்டு அறையில் தங்கி அதையே பார்த்துக்கொண்டேன்.

பாவாத்தாளின் காடு தண்ணீரில்லாமல் காய்ந்துவிட்டது. அவளுக்குக் களை எடுக்கிற வேலை போட்டுக் கொடுத்தவள் நான்தான். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆறு வருடம் தினமும் வந்தாள். சாயங்காலம் "வாரேனுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். மறுநாள் வந்துவிடுவாள்.

முதல் மழையிலேயே அந்த இடம் இறங்க ஆரம்பித்தது. வட்டமாக, பன்னிரண்டு அடிக்கு ஒரு பள்ளம். மண் போட்டு நிரப்பினேன். அடுத்த மழைக்கு மறுபடி இறங்கியது. சுற்றி எல்லாம் காய்ந்தாலும் அந்த வட்டம் மட்டும் கரும்பச்சையாக இருந்தது. நாலடி தள்ளி. கேட்டிலிருந்து பார்த்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். பாவாத்தாள் அங்கே உட்கார்ந்து களை எடுக்கும்போது மண்ணைத் தொட்டுப் பார்ப்பாள். "இங்க மட்டும் எப்பிடீங்க்கா இப்பிடிச் சில்லுனு இருக்குது? ஊத்து இருக்குதுன்னு அவரு சொல்லிட்டே இருந்தாருங்க. வந்ததும் காட்டோணும்" என்பாள். புல்லை மட்டமாக வெட்டு பாவாத்தா என்பேன்.

இந்த வருடம் நல்ல வறட்சி. தோட்டமே போகிற நிலைமை. கிணறு பார்க்கிறவர் ஒருவரைத் தமிழ்ச்செல்வன் கூட்டி வந்தார். அவர் பச்சை வட்டத்தைப் பார்த்ததும், இங்கே கிணறு இருந்ததா என்று கேட்டார். பழைய கிணற்றையே மறுபடி தோண்டுவது என்று முடிவாகிவிட்டது. நான் வேண்டாமென்று சொன்னேன். புல் பாழாகும் என்றேன். கிரேன் வைத்து அள்ளினார்கள். முப்பத்தாறு அடியில் செருப்பு கிடைத்தது. அதற்குக் கீழே ரெண்டடியில் மற்றதெல்லாம். அதற்கும் கீழே தண்ணீர்.

உங்கள் ஏட்டையா, கிளம்பிப் போனவர் மறுபடி வந்து கால் தவறி விழுந்திருப்பார், டிரைவர் எட்டிப் பார்க்காமல் கொட்டிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். செருப்பு உள்ளே கிடந்தது அதற்குச் சாட்சி என்கிறார். கிணற்றில் இறங்குகிறவர் யாரும் செருப்போடு இறங்க மாட்டார், அதனால் இறங்கவில்லை, விழுந்தார் என்பது அவர் கணக்கு. முதல் பாதி சரி. நஞ்சப்பண்ணன் செருப்பைக் கழற்றி விட்டு, கிணற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார். செருப்பு கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. முதல் லோடு விழுந்து ராமுலு அடுத்த நடைக்குப் போன பிறகுதான் பார்த்தேன். எடுத்து உள்ளே போட்டேன். ரெண்டடி மண்ணுக்கு மேலே கிடந்ததற்குக் காரணம் அதுதான்.

ராமுலு மறுபடி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆட்களும் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தார்கள். அதுவரைக்கும் நான் கிணற்றடியிலேயே நின்றேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். யாரும் கூப்பிடவில்லை.

லாரி பின்னால் வரும்போது போத்தனூர்ப் பக்கம் ஒரு குட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நல்ல பிள்ளை நீங்கள். ஆனால் அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

லாரி வருவதற்கு முன்னால் அவர் சொன்னதை ஆறு வருடமாக நான் பாதிதான் சொல்லி வந்தேன். முழுசாக இதுதான். "அம்மணி! ஊத்துக்கண்ணு தொறந்திருச்சுங்க! கையெல்லாம் தண்ணி! இருங்க, மேல வாரேன்." நான் எட்டிப் பார்த்தேன். ஈரக் கையை மேலே தூக்கிக் காட்டினார். அது மின்னியது. ஈரம் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று பேசியிருந்தோம் அல்லவா. நான் நிமிர்ந்து என் கோட்டைப் பார்த்தேன். பிறகு கயிற்றை மேலே இழுத்தேன். அவர் அதைப் பிடிப்பதற்கு முன்னால் பாதி வந்துவிட்டது. அவர் பயப்படவில்லை. விளையாட்டு என்று நினைத்தார். "என்னுங்க அம்மணி, கெணத்தோட சேத்து என்னையும் மூடிப்போடுவீங்களாட்ட இருக்குதே" என்று சிரித்தார். கயிறு ஈரமாக இருந்தது. சுருட்டி வெயிலில் வைத்தேன். அப்போதுதான் லாரி கேட்டுக்குள் நுழைந்தது.

எனக்குக் கோபம் இல்லை. பயமும் இல்லை. உங்களிடம் அழுது காட்ட வேண்டும் என்றாலும் வரவில்லை. ராமுலுவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு நம் ஊர்ப் பேச்சு புரிந்தது, அவ்வளவுதான்.

நேற்று பாவாத்தாள் குழி ஓரத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். செருப்பை அவள்தான் அடையாளம் சொன்னாள். எழுந்து போகும்போது என்னைப் பார்த்தாள். வாரேன் என்று சொல்லவில்லை. இன்றைக்குக் களை எடுக்க ஆள் வரவில்லை. வேறு ஆள் பார்க்கும்படி தமிழ்ச்செல்வனிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் அவரிடம் சொல்ல வேண்டும். கிணற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் நினைக்கிறார். வேண்டாம். உங்கள் வேலை முடிந்ததும் மூடிவிடச் சொல்லுங்கள். ஆனால் இந்த முறை அவசரப்பட வேண்டாம். அடிக்கு அடி தண்ணீர் விட்டு, ஆளை உள்ளே இறக்கித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். மேலே ஒரு சாண் உயரம் கூடுதலாக மண் வைக்க வேண்டும். மண் அமுங்கத்தான் செய்யும். அன்றைக்கு ஆளை உள்ளே இறக்க முடியாததால் நான் இடிக்காமல் விட்டுவிட்டேன். என் பக்கம் நடந்த தவறு அது ஒன்றுதான்.